அப்பா பேரில் இருந்த நம்பர்

டெலிபோன் ஆபீஸிலிருந்து வந்த கடிதம் அப்பாவுக்கு எழுதப்பட்டிருந்தது. அப்பா போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது அவரை யாரும் அவ்வளவு மரியாதையாக விளித்ததாக எனக்கு நினைவில்லை. மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு, தங்கள் தெருவில் உள்ள பழைய கம்பி இணைப்புகள் அனைத்தும் நீக்கப்பட இருக்கின்றன, தாங்கள் ஃபைபர் திட்டத்துக்கு மாறிக்கொள்ளலாம், தற்போதைய எண்ணையே வைத்துக்கொள்ள விரும்பினால் மாதக் கடைசிக்குள் நேரில் வந்து விண்ணப்பிக்க வேண்டும், தவறினால் எண் ரத்தாகும்.

ரத்தாகும் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. நான் ஒரு தனியார் பள்ளியில் புவியியல் வாத்தியார். எரிமலை, பூகம்பம், சுனாமி எல்லாவற்றையும் கடலை கொறித்துக்கொண்டே நடத்துகிறவன். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, மின்விசிறியைப் போட்டு, அதன் கீழே நின்று, மறுபடி படித்து, இரண்டு தடவை பாத்ரூம் போய்வந்தேன்.

"என்னங்க, பள்ளிக்கூடத்துல தூக்கிட்டாங்களா?" என்று கேட்டாள் மனைவி. குரலில் கவலையைவிட ஆர்வம்தான் கூடுதலாக இருந்தது.

கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"போனாப் போகட்டுமே. யாரு கூப்பிடுறா அதுல? லோன் வேணுமான்னு கேக்குறவனும், ராங் நம்பரும்தான்."

நான் காரணங்களை அடுக்கினேன். கேஸ் புக் செய்வது இந்த நம்பரில்தான். வங்கியில் கொடுத்திருப்பது இந்த நம்பர்தான். பழைய கல்யாணப் பத்திரிகை அத்தனையிலும் இதுதான் அச்சாகியிருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முந்திய பத்திரிகையைப் பார்த்து யார் கூப்பிடப் போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அண்ணி ரிங்குன்னு சொல்லுங்க. எதுக்கு ஊரச் சுத்துறீங்க?"

அண்ணி என்று அவள் சொன்னது என் அக்காவை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கீரனூரில் இருக்கிறாள். திருச்சியில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாள். மச்சான் சிங்கப்பூரில், அவள் வீட்டில் தனி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அம்மா அவளுக்கு ஒரு சட்டம் போட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ரெண்டு ரிங்கு விட்டு வைத்துவிட வேண்டும். நாங்கள் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவளுக்குக் காசு போகும். ரெண்டு ரிங்கு வந்தால் பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள் என்று அம்மா எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் ராத்திரிச் சோறு கிடையாது. திருச்சி ரோட்டில் லாரி ஏதாவது கவிழ்ந்து பஸ் தாமதமானால் நான் பட்டினி.

இது அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம்தான். போன் மலிவான பிறகு மற்ற வீடுகளில் நின்றுபோனது. எங்கள் வீட்டில் நிற்கவில்லை. அக்கா செல்போன் வாங்கிய பிறகும், பேச்சு எத்தனை நிமிஷமானாலும் இலவசம் என்று ஆன பிறகும், ரெண்டு ரிங்கு ரெண்டு ரிங்காகவே வந்துகொண்டிருந்தது. அம்மா போன பிறகும் வந்தது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திய பிறகும் வந்தது. அதைத்தான் ரத்து செய்வோம் என்று மதிப்பிற்குரிய அப்பாவுக்கு எழுதியிருந்தார்கள்.

பேச்சு நின்றதற்குச் சொத்துச் சண்டை, நகைச் சண்டை ஏதாவது காரணமாக இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள எனக்கும் கௌரவமாக இருந்திருக்கும். காரணம் என் பதற்றம். ஏழு வருஷத்துக்கு முன்னால், விடிகாலையில், தூக்கத்திலேயே அம்மா போய்விட்டாள். காபி கொண்டுபோன மனைவிதான் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். பெஞ்சு எடுத்துப் போட்டார்கள். யாரோ ஒருவர் என்னைப் பிடித்து டெலிபோன் பக்கத்தில் உட்கார வைத்து, "தம்பி, நீங்க சொந்தக்காரங்களுக்குச் சொல்ற வேலையப் பாருங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்றார்.

அப்பா காலத்து நம்பர் நோட்டு ஒன்று இருந்தது. நீள நோட்டு. முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஆலங்குடிச் சித்தி. அறந்தாங்கி மாமா. பெரியப்பா மகன்கள் மூன்று பேர். ஒவ்வொருவரிடமும் "அம்மா போயிட்டாங்க" என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் யாரிடம் சொல்கிறேன் என்றே தெரியவில்லை. பக்கத்தைப் புரட்டுவதும் நம்பரைச் சுற்றுவதுமாக இருந்தேன். கேஸ் ஏஜென்சிக்குக்கூடச் சொல்லிவிட்டேன். அங்கே எடுத்த பெண், "சிலிண்டர் நாளைக்கு வந்துரும் சார்" என்றாள்.

அக்கா நம்பர் அந்த நோட்டில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. எங்கள் எல்லோருக்கும் அது மனப்பாடம். நோட்டில் எழுதி வைப்பது அடிக்கடி கூப்பிடாதவர்களின் நம்பரைத்தான். நான் நோட்டைப் பார்த்துக் கூப்பிட்டேன். நோட்டு முடிந்தது, என் வேலையும் முடிந்தது. மனைவி, நான் முதல் ஆளாக அக்காவிடம் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். யார்தான் அப்படி நினைக்க மாட்டார்கள்?

அக்கா வழக்கம்போலத் திருச்சி பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டாள். நான் போன் செய்த உறவுக்காரர் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, "எத்தன மணிக்கும்மா எடுக்குறாங்க?" என்று கேட்டிருக்கிறார். அக்கா, "எத எடுக்குறாங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

பதினொரு மணிவாக்கில் வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். கையில் சாப்பாட்டுப் பை அப்படியே இருந்தது. அம்மாவிடம் போவதற்கு முன்னால் என் எதிரே வந்து நின்றாள். என் மடியில் நோட்டு, கையில் ரிசீவர்.

"எல்லாருக்கும் சொல்லி முடிச்சிட்டியா?"

"ஆச்சுக்கா" என்றேன்.

உலகத்தில் சொல்வதற்கு வேறு ஆயிரம் வார்த்தைகள் இருந்தன. நான் தேர்ந்தெடுத்தது அதை. அப்போதும் எனக்கு விஷயம் உறைக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வேலையை முடித்துவிட்ட பையனைப் போலத்தான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான், கிணற்றில் வாளி விழுகிற மாதிரி உள்ளே ஏதோ விழுந்தது.

பதினாறு நாளும் இருந்து எல்லாக் காரியமும் செய்தாள். வந்தவர்களுக்குப் பரிமாறினாள். என் தட்டிலும் சோறு போட்டாள். பேசவில்லை. நான் நோட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதைச் சொன்னாலும் சிரிப்புக் காட்டுகிறவன் என்று எனக்குப் பெயர். "ஒன் நம்பர் நோட்டுல இல்லக்கா" என்று சொன்னால் அதுவும் ஒரு ஜோக்காகத்தான் விழும் என்று பயந்தேன். பிறகு சொல்லலாம் என்று விட்டேன். அந்தப் பிறகு ஏழு வருஷம் ஓடியது.

அவள் கீரனூருக்குத் திரும்பி, மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம், ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு டெலிபோன் அடித்தது. ரெண்டு ரிங்கு. நின்றது. கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். பிறகு மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.  அவள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதற்குப் பிறகு ஏழு மணிக்கு நான் வெளியே இருந்ததில்லை. கல்யாண ரிசப்ஷனில் பந்தி போடும் முன்னே எழுந்துவிடுவேன். மனைவி, "அவருக்கு ஏழு மணிக்கு மாத்திர சாப்பிடணும்" என்று சொல்லிச் சமாளிப்பாள். அதைக் கேட்டுக் கேட்டு, எனக்கு ஏதோ தீராத வியாதி என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. மழையில் லைன் செத்துப்போனால் போன் ஆபீஸில் போய் நின்று, சாயங்காலத்துக்குள் சரியாக வேண்டும் என்று சண்டை போடுவேன். என்ன அவசரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எடுத்துப் பேச வேண்டும் என்று தோன்றியதில்லையா என்று கேட்கலாம். தோன்றியது. ரிசீவர் மேல் கை வைத்தும் இருக்கிறேன். ரெண்டாவது ரிங்கு முடிவதற்குள் என்ன சொல்வது என்று முடிவாகாது. அதற்குள் நின்றுவிடும். நின்றதும் அப்பாடா என்று இருக்கும்.

ஒரு தடவை நான்கு நாள் தொடர்ந்து ரிங்கு வரவில்லை. முதல் நாள் பஸ் தாமதம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் காய்ச்சல் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அவள் வீட்டில் வழுக்கி விழுந்து, கதவைத் திறக்க ஆளில்லாமல் கிடப்பதாக ஒரு முழுப் படமே மனதில் ஓடியது. ஐந்தாம் நாள் காலையில் கீரனூர் பஸ் ஏறினேன். அவள் தெருமுனையில் இறங்கிப் பார்த்தால், அக்கா வாசலில் நின்று கீரைக்காரியோடு கட்டுச் சின்னதாக இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். குரல் தெரு முழுக்கக் கேட்கிறது. எனக்கு ஒரு நொடி ஆனந்தம், மறுநொடி பயம். அங்கே நின்றிருந்த லோடு ஆட்டோவின் பின்னால் குனிந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது. நடுத்தெருவில், ஐம்பதை நெருங்கும் ஒரு புவியியல் வாத்தியார் நான், எதையோ தொலைத்தவனைப் போலக் குந்தியிருந்தேன். செருப்பு வாரைச் சரிசெய்வதாகப் பாவனை செய்தபடியே நழுவினேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "இது காலாண்டு லீவு. ஒங்க பள்ளிக்கூடத்துக்கு லீவுன்னா அவங்க பள்ளிக்கூடத்துக்கும் லீவுதானே? வேலைக்கிப் போகாதவங்க எங்கருந்து வந்து சேருவாங்க?"

நான்கு நாளாக நானே லீவில் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது தோன்றவில்லை.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். மறுநாள் பள்ளிக்குப் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு போன் ஆபீஸுக்குப் போனேன். கவுண்டரில் ஒரு அம்மா இருந்தார்கள். கடிதத்தை நீட்டினேன்.

"நம்பர் மாறாம ஃபைபருக்குப் போகணும்ங்க."

"தாராளமாப் போகலாம் சார். வாடிக்கையாளர் நேர்ல வரணும்."

"அவரு வர முடியாதுங்க."

"வெளியூர்ல இருக்காரா?"

"ஆமாங்க. கொஞ்சம் தூரம்."

"எப்ப வருவாரு?"

"வர மாட்டாருன்னுதான் நெனைக்கிறேன்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்கள். பதற்றத்தில் எனக்கு இப்படித்தான் வாயில் வரும். உண்மையைச் சொன்னேன். அவர்கள் கோபப்படவில்லை, பாவம். அப்பா பேரில் இருக்கும் நம்பரை முதலில் என் பேருக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் புதிய ஒப்பந்தம் போட முடியும் என்று விளக்கினார்கள். அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வேண்டும்.

"ரெண்டும் இருக்குங்க."

"வாரிசுல நீங்க மட்டும்தானா?"

"அம்மா இருந்தாங்க, அவங்களும் இல்ல. அப்புறம் ஒரு அக்கா."

"அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். அக்காகிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு லெட்டர்ல கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர்கள் சொன்னபோது என் முகம் எப்படிப் போனதோ, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். "இல்லைன்னா வேற வழி இருக்கு சார். பழச விட்டுட்டு ஒங்க பேர்ல புது நம்பர் எடுத்துக்கிட்டா நாளைக்கே லைன் வந்துரும்" என்றும் ஆறுதல் சொன்னார்கள்.

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் வேப்பமரத்தடியில் நின்றேன். அக்காவோடு பேசாமலே அவள் சுகத்தைத் தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஒரே ஏற்பாடு அந்த நம்பர். அதைக் காப்பாற்ற அக்காவோடு பேசியாக வேண்டும். இவ்வளவு வக்கணையான தண்டனையை, யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தால்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கீரனூருக்குக் கிளம்பினேன். கையில் என்ன வாங்கிக்கொண்டு போவது என்பதில் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் போனது. வாழைப்பழம் வாங்கினால் பெண் பார்க்கப் போகிற மாதிரி இருக்கும். ஆரஞ்சு வாங்கினால் நோயாளியைப் பார்க்கப் போகிற மாதிரி இருக்கும். ஸ்வீட் வாங்கினால் ஏழு வருஷத்தை எதற்காகக் கொண்டாடுகிறாய் என்று கேட்பாள். கடைசியில் ஒரு ஃபைலை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அது எல்லாவற்றையும்விட மோசமான முடிவு என்று இறங்கும்போதுதான் புரிந்தது.

கதவைத் திறந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. கல்யாண வீடுகளில் தூரத்து வரிசையில் பார்த்தபோது அது தெரியவில்லை.

"வா" என்றாள்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன விஷயம்?"

"சும்மாதான்க்கா."

"சும்மா வர்றவன் கையில ஃபைல் எதுக்கு?"

நான் செம்பை எடுத்து வாயில் வைத்தேன். அவள் தொடர்ந்தாள்.

"லோடு ஆட்டோ இல்லாம நேரா வாசலுக்கே வந்துட்டியே."

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறியது. இரும இரும அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து என் தலையில் ரெண்டு தட்டு தட்டினாள், சின்ன வயதில் தட்டுகிற மாதிரி. பிறகு என் மேல் இருந்த கோபம் நினைவுக்கு வந்தவளைப் போலக் கையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

ஃபைலைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தாள். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட அலுவலகத்தில் காகிதம் பார்க்கிறவள். கதவிலக்கம் பழசு என்று சொல்லி அடித்துப் புதியதை எழுதினாள்.

"ஆளுக்கு ஒரு செல்லு இருக்குல்ல? இந்த நம்பர் எதுக்கு ஒனக்கு?"

இதற்குத்தான் ஏழு வருஷமாக நான் பதில் வைத்திருந்தேன். நீ பத்திரமாக வந்து சேர்ந்தாயா என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்குகிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். நான் சொன்னேன்:

"கேஸ் புக்கிங்குக்கா. அப்புறம் பேங்க்குல குடுத்துருக்கு. அதுவும் போக ராசியான நம்பர். கூட்டுனா அஞ்சு வருது பாரு."

அக்கா உதட்டை லேசாக அசைத்தாள்.

"ஆறுல்ல வருது."

"ஆறும் ராசிதான்க்கா."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றியபடியே கேட்டாள், "கையெழுத்துப் போட்டா இது யாரு பேருக்குப் போகும்?"

"என் பேருக்குத்தான்."

"அப்பா பேரு?"

"எடுத்துருவாங்க."

"வீட்டுக்கு இப்படித்தான் ஒரு பத்திரத்துல போட்டுக் குடுத்தேன். அம்மா இருந்தப்ப." குற்றம் சொல்கிற குரல் இல்லை, ஒரு தகவலைப் போலத்தான் சொன்னாள். வீட்டில் தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்த அந்த விடுதலைப் பத்திரத்தில் அன்று அவளாகவே சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அப்பா பேருல மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான்."

கையெழுத்துப் போட்டாள். முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள், அப்பாவின் பெயரோடு.

அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். நான், "பில்லும் இனிமே என் பேருலதான் வரும், அப்பா தப்பிச்சாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன். அவள் பேனாவை மூடி, காகிதத்தை ஃபைலுக்குள் வைத்து, ரப்பர் பேண்டை மாட்டிக் கையில் கொடுத்தாள். சாப்பிட்டுப் போ என்று சொன்னாள். பஸ் இருக்கிறது என்று சொன்னேன். கீரனூரிலிருந்து புதுக்கோட்டைக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

பத்து நாளில் எல்லாம் முடிந்தது. பழைய கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். புதிதாக முடியைப் போல ஒரு வயர் வந்தது. சுவரில் பச்சை விளக்கு மினுக்கும் ஒரு பெட்டியை மாட்டி, அதிலிருந்து எங்கள் பழைய போனுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். அதே நம்பர். என் செல்லிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன், அடித்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தில் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் நம்பரைக் கொடுத்திருப்பேன். கரண்டு போனால் பெட்டி அணைந்துவிடும் என்றார்கள். அன்றே ஓடிப்போய் அதற்கு ஒரு பேட்டரி வாங்கி வந்தேன். ஏழு மணிக்கு நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

ரிங்கு வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. இந்தத் தடவை பள்ளிக்கூட லீவு இல்லை என்று காலண்டரைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நான்காவது நாள் போன் ஆபீஸில் புகார் கொடுத்தேன். உள்ளே வரும் அழைப்பு வேலை செய்யவில்லை என்று எழுதினேன். என் வயதுக்காரர் ஒருவர் வந்தார். பெட்டியைத் திறந்து, ஏதோ ஒரு கருவியை வைத்துப் பார்த்து, தன் செல்லிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் கணீர் என்று அடித்தது.

"இன்கமிங் நல்லாத்தான் இருக்கு சார்."

"இல்லைங்க, ஏழு மணிக்கு மட்டும் வர மாட்டேங்குது."

"ஏழு மணிக்குன்னு தனியா லைன் எல்லாம் கெடையாது சார்." கருவியைப் பையில் போட்டுக்கொண்டார். "கூப்பிடுறவங்க கூப்பிடணும்ல?"

அவர் போன பிறகு மனைவி என்னைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில் ஏதாவது குத்தலாகச் சொல்வாள். அன்று சொல்லவில்லை. "நீங்களே கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஏழேகால் மணிக்குக் கூப்பிட்டேன். நான்கு ரிங்குக்குப் பிறகு எடுத்தாள்.

"சொல்லு."

"அக்கா, லைன் வந்துருச்சு. அதே நம்பர்தான்."

"தெரியுது. செல்லுல வந்துச்சு."

"ரிங்கு வரலையேன்னுதான்..."

 எங்கோ டிவி ஓடுவது கேட்டது.

"அது அப்பா வீட்டுக்கு விட்டதுடா. அம்மா சொல்லி விட்டது. இப்ப நம்பர் ஒன்னோடது. ஒன் வீட்டுக்கு நான் எந்த மொறையில ரிங்கு விடுறது, சொல்லு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ரெண்டு ரிங்கை நான் ஏழு வருஷமாக எனக்கு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைக் காப்பாற்றுகிறேன் என்று ஓடி, அது வந்துகொண்டிருந்த ஒரே காரணத்தை, அவள் கையாலேயே கையெழுத்துப் போட வைத்து அடித்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு வாய் உளறத் தொடங்கியது. அந்த உளறலில்தான் நோட்டு விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு நோட்டைப் பார்த்துத்தான் எல்லோரையும் கூப்பிட்டேன், உன் நம்பர் நோட்டில் இல்லை, மனப்பாடமாக இருந்ததால் எழுதி வைக்கவில்லை, வேறு ஒன்றும் இல்லை அக்கா, கேஸ் ஏஜென்சிக்குக்கூடச் சொன்னேன், உனக்குச் சொல்ல விட்டுப்போனது. இத்தனை வருஷமாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் தலைகீழாக வந்து விழுந்தன.

அவள் முழுக்கக் கேட்டாள்.

"மனப்பாடமா இருந்த நம்பருக்குத்தானேடா மொதல்ல சொல்லியிருக்கணும்?"

 முதல் தடவையாக எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை. 

"நீ வேணும்னேதான் எனக்குச் சொல்லாம இருந்துட்டன்னு இத்தன நாளா நெனச்சேன்" என்றாள். "ஏதோ கோவம் இருந்துருக்கும், சொல்லல, அப்படின்னு. அதத் தாங்கிக்க முடிஞ்சுச்சு. என் ஞாபகமே வரலைங்கிறியே."

"அக்கா..."

"கதவ யாரோ தட்டுறாங்க. வைக்கிறேன்."

தட்டும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள். என்ன சொன்னாங்க என்று அவள் கேட்கவில்லை. நான் போட்ட குழப்பத்தையெல்லாம் இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறவள். இது வேறு மாதிரியானது என்று தெரிந்திருக்கும்.

மறுநாள் ஏழு பத்துக்கு மறுபடி கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று எதுவும் யோசித்து வைக்கவில்லை.

"வந்துட்டியாக்கா?"

"வந்துட்டேன்."

வைத்துவிட்டாள். அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாளும் கூப்பிட்டேன். இப்போது தினமும் கூப்பிடுகிறேன். வந்துட்டியா, வந்துட்டேன். சில நாள் அதோடு "மழை பெய்யுது" என்று ஒரு வார்த்தை கூடுதலாக வரும். அன்று நான் மனைவியிடம் போய் அக்கா ஊரில் மழை என்று செய்தி வாசிப்பேன். சில நாள் எடுக்கவே மாட்டாள். மறுபடி கூப்பிட்டால் தொந்தரவாக நினைப்பாளோ, கூப்பிடாவிட்டால் இவ்வளவுதானா இவன் அக்கறை என்று நினைப்பாளோ என்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நடப்பேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டாலும் போகத் தோன்றாது. அடுத்த நாள் அவள் எடுத்ததும், நேற்று ஏன் எடுக்கவில்லை என்று கேட்க வாய் வரும். கேட்கிற உரிமையை நான் எங்கே வைத்திருக்கிறேன் என்று நினைத்து அடக்கிக்கொள்வேன்.

வரும் மே மாதத்தோடு அக்காவுக்கு வேலை முடிகிறது. அதற்குப் பிறகு திருச்சிக்குப் போகவும் மாட்டாள், வரவும் மாட்டாள். வந்து சேர்ந்தாயா என்று கேட்க ஒன்றும் இருக்காது. வேறு என்ன கேட்டுக் கூப்பிடுவது என்று இப்போதிலிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பிட்டியா என்று கேட்கலாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். நீ ஒருநாள் வீட்டுக்கு வா என்று சொல்லலாம். கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் பின்னால் ஒரு சிரிப்பு தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.